எண்ணெய் வைத்த அன்று

ராஜவல்லிபுரத்தில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் திரிகிற ஆம்பளை யாரென்று கேட்டால் சின்னப்பிள்ளைகூட மகாராஜாவின் வீட்டைக் கைகாட்டும். சூப்பிப் போட்ட பனங்கொட்டை மாதிரி செம்பட்டையாகச் சிலுப்பிக்கொண்டு நிற்கும் அவன் தலை. சாவு விழுந்த துட்டி வீட்டுக்காரன்கூட விசேஷம் கழிந்ததும் எண்ணெய் வைத்துவிடுவான், இவனுக்கு வருஷம் பூராவும் துட்டிதான் என்று வாய்க்கால் படித்துறையில் பேச்சு. பேரைப் பாரு மகாராஜா, தலைக்கு ஒரு சொட்டு எண்ணெய்க்கு வக்கில்லை என்று அவன் மச்சினன் சுடலையாண்டி, அதாவது பெண்டாட்டி பிரியதர்ஷினியின் அண்ணன், வரும்போதெல்லாம் கேலி பண்ணுவான். கேலிக்கு என்ன வரியா போட்டிருக்கிறது, யார் வேண்டுமானாலும் பண்ணலாம்.

எண்ணெய் வைக்காததற்குக் காரணம் வேலை. கங்கைகொண்டானில், தொழிற்சாலைகள் இருக்கிற பக்கம், குட்டி விமானங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஷெட்டு ஒன்று இருக்கிறது. ஒரு பயிற்சிப் பள்ளியின் விமானங்கள். ஆள் ஏறிப் பறக்கிற விமானம் முழுசாக அங்கே வராது. இறக்கையையும் வாலையும் கழற்றி, கல்யாண வீட்டுக் கண்ணாடி பீரோ மாதிரி கம்பளி சுற்றி லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். அலுமினியத் தகடு. அதில் பெயிண்ட் அடிப்பது பெரிய காரியமில்லை. அடித்ததை ஒட்டவைப்பதுதான் காரியம்.

பழைய பெயிண்டை உரித்து, அழுக்குப் போகக் கழுவி, சொரசொரப்பான பேடு வைத்துக் கையால் தேய்க்க வேண்டும். இரும்புக் கதவைத் தேய்க்கிற மாதிரி அழுத்தித் தேய்த்தால் தகட்டில் கோடு விழும்; தடவிக் கொடுத்தால் பளபளப்புப் போகாது. தோள்பட்டை இற்றுப்போகிற வேலை. தேய்த்து முடித்ததும் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பார்கள். தகடு சுத்தமாக இருந்தால் தண்ணீர் ஒரே விரிப்பாக நிற்கும். எங்கேயாவது எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சேம்பு இலையில் விழுந்த மாதிரி உடைந்து உருண்டு ஓடும். யார் கை பட்டது என்று தண்ணீர் சொல்லாது, கை பட்டது என்பதை மட்டும் சொல்லிவிடும். அதற்குப் பிறகு அமிலக் கழுவல், பிறகு மஞ்சள் மருந்து. அது ஏறினால் தகடு வெளிறின தங்க நிறத்துக்கு வரும். அந்த நிறம் வந்தபிறகு வெறுங்கையால் தொட்டால் சிவசங்கரன் சாருக்குச் சாமி வந்துவிடும். ஷெட்டின் மானேஜர் அவர். திருநெல்வேலி டவுனில் பூர்வீக வீடும் நெற்றியில் திருநீறுமாக அமரிக்கையான மனுஷன், தகடு விஷயத்தில் மட்டும் காளி.

மஞ்சள் ஏறிய தகடு ரொம்பக் காத்திருக்காது. மறுநாள் பொழுது அடைவதற்குள் பிரைமர் என்கிற அடிப்பூச்சு ஏறியாக வேண்டும், இல்லையென்றால் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால்தான் ஷெட்டில் வேலை பார்க்கிறவர்கள் யாரும் எண்ணெய், பவுடர், முகத்துக்குப் போடுகிற கிரீம் எதையும் தொடக்கூடாது என்று சட்டம். பிரைமர் அடிப்பது மகாராஜா. அதற்கு முன் கடைசித் துடைப்பு ரைஹானத்தின் வேலை. மேலப்பாளையத்துப் பிள்ளை. தகப்பன் இல்லை. ஒரு கையில் தின்னரில் நனைத்த துணி, மறு கையில் காய்ந்த துணி. ஈரம் ஆவியாகிறதுக்குள் காய்ந்தது பின்னாலேயே போக வேண்டும். தன் இறக்கையை அவள் துடைத்தால்தான் மகாராஜாவுக்கு மனசு ஒப்பும். வேறு யாராவது துணியை எடுத்தால் முகம் சுண்டிப்போகும்.

அவன் அம்மா இசக்கித்தாய் பங்குனியில் செத்துப்போனாள். நடவு நட்டே இடுப்பு வளைந்த மனுஷி. பதினாறாம் நாள் விசேஷம் சித்திரையில் வந்தது. அன்றைக்குச் சம்பந்தி வீட்டார் எண்ணெயும் சீயக்காயும் கொண்டுவந்து பிள்ளை தலையில் வைத்து முழுகச் சொல்வார்கள். அதோடு துட்டி கழிந்தது என்று அர்த்தம். எண்ணெய் வைக்கிற உரிமை மச்சினனுக்கு. சுடலையாண்டி இத்தனை வருஷ ஆத்திரத்தையும் அன்றைக்குத் தீர்த்துக்கொண்டான். உச்சியில் மூன்று விரலால் தொட்டு வைத்தால் போதும் என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல, நல்லெண்ணெயைக் கை நிறைய அள்ளி உச்சி, காது, பிடரி, தோள் என்று அரக்கித் தேய்த்துவிட்டான். மகாராஜாவும் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மா போனதில் இருந்து வராத அழுகை அந்த எண்ணெய் வாசத்தில்தான் வந்தது. பம்பு செட்டில் போய்ச் சீயக்காய் போட்டு முழுகிவிட்டு வந்தான். பேருக்கு முழுகினது. பாதி எண்ணெய் தலையிலேயே நின்றது.

பந்திக்கு இலை எடுத்துவைக்கும்போது சிவசங்கரன் சார் போன் வந்தது. இன்னொரு பெயிண்டர் மஞ்சள் காமாலை கண்டு படுத்துவிட்டான். நேற்று மஞ்சள் ஏற்றின இறக்கை நிற்கிறது. விசேஷ வீடு என்று தெரியும், கேட்கக்கூடாதுதான், ஆனாலும் வந்து ஒரு கை அடித்துக் கொடுத்துவிட்டால் உடனே திரும்பிப் போய்விடலாம் என்றார். மகாராஜா சரி என்றான். கேட்கக்கூடாதவர் கேட்கும்போது மறுக்கத் தெரியாத சுபாவம் அவனுக்கு.

சோப்பை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனவனைப் பிரியா மறித்துக்கொண்டாள்.

“எங்க போறிய?”

“தலையை இன்னொருக்க கழுவிட்டுப் போறேன். இந்தத் தலையோட அங்கன போவ முடியாது.”

“ஒரே நாள்ல ரெண்டு தரம் தலை முழுகவா? வேண்டாம். துட்டி கழிஞ்ச அன்னைக்கு மறுபடி முழுகுனா இன்னொரு துட்டிக்கு முழுகுதோம்னு அர்த்தம். பிள்ளைக்கு மேலு சுடுது, உள்ள வந்து தொட்டுப் பாருங்க.”

மகள் சங்கரி காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். வந்திருந்த பெண்டுகள் எல்லாரும் பிரியா பக்கம் சேர்ந்துகொண்டார்கள். இந்த மாதிரி நேரத்தில் எவன் தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றுவான்? துண்டை வைத்து அழுந்தத் துடைத்தான். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

சித்திரை வெயிலில் தகரக் கூரை பழுத்துக் கிடந்தது. ரைஹானத் துடைத்து முடித்துத் தள்ளி நின்றாள். போன வாரம்தான் அவள் அக்காளுக்கு நிக்காஹ் நடந்தது. உள்ளங்கை முழுக்கச் செக்கச் செவேலென்று மருதாணி. அவனைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி வாயைத் திறந்தாள். பிறகு, “உம்மா காரியம் நல்லபடியா நடந்துச்சாண்ணே” என்று மட்டும் கேட்டாள். அவன் தலையாட்டிவிட்டு வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனான்.

இறக்கை உடம்போடு சேருகிற அடிப்பக்கம் அகலமானது. எக்கி அடிக்க வேண்டும். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கிற்று. சாதாரண வியர்வை என்றால் உப்புக் கரிக்கும். இது எரிந்தது. முகமூடியைத் தூக்கிக் கையுறை போட்ட உள்ளங்கையால் துடைத்தான். துடைத்த கையை ஊன்றித்தான் எக்கினான். ஊன்றின பிறகுதான் உறைத்தது. அதற்குள் அந்த இடத்தில் பிரைமர் பட்டு, கண் கண்ணாகத் திறந்துகொண்டது. அம்மைத் தழும்பு மாதிரி வட்ட வட்டமாக, நடுவில் தங்க நிறத் தகடு தெரிய.

அப்படிக் கண் விழுந்தால் நிறுத்த வேண்டும். அடித்ததை எல்லாம் ஈரத்தோடு தின்னரால் துடைத்து எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அது சட்டம். அவனே பத்துப் பேருக்குச் சொன்னது. ஆனால் வீட்டில் அம்மாவுக்குப் படையல் போட்டுவிட்டுப் பிள்ளை வரட்டும் என்று சனம் காத்திருக்கிறது. சங்கரிக்குக் காய்ச்சல். கொஞ்ச நேரம் சும்மா நின்றான். பிரைமர் லேசாக இறுகியது. தள்ளி நின்று தூசி மாதிரி மேலே ஒரு பூச்சு, இன்னொரு பூச்சு. கண்கள் மூடிக்கொண்டன. வெளியே வந்து நல்லாயிருக்கு என்றான். மறுநாள் மேல் பெயிண்டும் ஏறி இறக்கை வெள்ளை வெளேரென்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு லாரியில் போய்விட்டது.

சித்திரையும் வைகாசியும் கழிந்தன. அவன் அதை மறந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டான்.

ஆனி பிறந்து, பாபநாசத்தில் தண்ணீர் திறந்து, வாய்க்கால் நிறைந்து, கார் நடவுக்கு உழவு நடக்கிற சமயத்தில் அந்த இறக்கை திரும்பி வந்தது. மேல்காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. இறக்கையோடு பயிற்சிப் பள்ளியின் இஞ்சினியர் பாக்கியசீலனும் வந்திருந்தார். நாசரேத்துக்காரர், அதிகம் பேசாதவர். இறக்கையின் அடிப்பக்கம் ஒட்டும் நாடாவை அழுத்தி வைத்து வெடுக்கென்று இழுத்தார். வாழைப்பட்டை உரிகிற மாதிரி உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டும் பிரைமரும் சேர்ந்து வந்தது. அடியில் தகடு தங்க நிறத்தில் சிரித்தது.

மேல் பெயிண்ட் உரிந்திருந்தால் பரவாயில்லை, பிரைமரே பிடிக்கவில்லை, அந்த இடத்தில் பிசுக்கு இருந்திருக்கிறது, எப்படி வந்தது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

சிவசங்கரன் சார் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். அன்றைக்குக் கடைசியாகத் துடைத்தது யார்? ரைஹானத் கையைத் தூக்கினாள். பின்னால் இருந்து எவனோ ஒருத்தன், அன்னைக்கு அந்தப் பிள்ளை கையில மருதாணி இருந்துச்சே, மருதாணி சிவக்கத் தைலம் தேய்ப்பாவளே என்றான். சொன்னதுதான் தாமதம், ஆமா ஆமா என்று எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. மருதாணிக் கை கண்ணில் படும். துட்டி வீட்டுக்காரன் தலையை எவன் ஏறிட்டுப் பார்க்கிறான்? கையுறை போட்டுத்தானே துடைத்தாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பேடும் கையுமாக மகாராஜா அங்கேதான் நின்றான். ரைஹானத் ஒரு தடவை அவனைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டு, “சரி சார்” என்றாள். நாளையில் இருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு வீட்டில் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். அவனுக்கு உயிர். இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தவனைப் பிரியா என்ன ஏது என்று குடைந்தாள். ஒன்றுவிடாமல் சொன்னான். கண் விழுந்ததையும், மூடினதையும்.

அவள் துவையல் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“போயிச் சொன்னா என்ன செய்வாவ?”

“வேலை போயிரும்.”

“வேற ஷெட்டு?”

“இந்தப் பக்கம் ஏது? இந்த வேலை தெரிஞ்சவனுக்கு இது ஒண்ணுதான்.”

பிரியா, அந்தப் பிள்ளை வண்ணார்பேட்டையில் ஏதாவது ஜவுளிக்கடையில் நின்றுகொள்ளலாமே என்றாள். தனி ஆள்தானே, நம்மள மாதிரி குடும்பமா என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் குரல் உள்ளே போய்விட்டது. பாத்திரத்தைக் கழுவப் போனவள் குழாயைத் திறந்துவிட்டு அழுதது வெளியே கேட்டது. அவள் அழுதது வேலைக்காக இல்லை. தலையைக் கழுவ விடாமல் மறித்தது அவள். அந்தச் சோப்பை அவள்தான் பிடுங்கி மாடத்தில் வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சு உப்பு, புளி அளவுக்குத்தான். எதற்கெடுத்தாலும் பிள்ளைக்கு அடி விழுந்தது. மகாராஜா காலையில் போனான், சாயங்காலம் வந்தான். கடைசித் துடைப்புக்கு இன்னொருத்தியைப் போட்டிருந்தார்கள். அவள் நன்றாகத்தான் துடைத்தாள். அவனுக்குத்தான் பெயிண்ட் அடிக்கிற ஸ்பிரே கன்னைத் தூக்கக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ ஒரு வயசான அம்மாள் முக்காட்டைக் காற்றில் இழுத்துப் பிடித்துக்கொண்டு தெருவில் வீடு விசாரித்து வந்தாள். ரைஹானத்தின் உம்மா ஜுபைதா பீவி. மேலப்பாளையத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். வாசலைப் பார்த்ததுமே பிரியா எழுந்து நின்றுவிட்டாள். உட்காரச் சொல்லிக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

ஜுபைதா பீவி வந்த விஷயத்தை உடனே பேசவில்லை. இசக்கித்தாய் இறந்ததற்குத் துட்டி கேட்க வர முடியவில்லை, மூத்தவள் நிக்காஹ் வேலை என்று முதலில் மன்னிப்புக் கேட்டாள். உங்க மாமியா நல்ல மனுஷின்னு எம் மவ சொல்லுவா, அவங்களுக்காகத் துஆ செஞ்சேன் தாயி என்றாள். சங்கரியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காய்ச்சல் நின்றுவிட்டதா என்று கேட்டாள். சித்திரையில் வந்த காய்ச்சல் அவளுக்கு எப்படித் தெரியும்? ரைஹானத் சொல்லியிருக்கிறாள்.

பிறகுதான் மகாராஜா பக்கம் திரும்பினாள்.

“தம்பி, எம் மவளை வேலைக்கு எடுக்கச் சொல்லி நான் கேக்க வரலை. அவ நசீபு, தலையெழுத்து எப்படியோ அப்படி. ஆனா தெருவுல, வேலையை விட்டுத் தள்ளிட்டாங்கன்னா என்னமோ திருடியிருக்கான்னு பேசுதாங்க. கல்யாணம் பேசி வச்ச இடத்துல இருந்து போன் எடுக்க மாட்டேங்குதாங்க. நீங்க பெரிய வேலைக்காரரு. அந்தப் பிள்ளை ஒழுங்காத்தான் துடைக்கும்னு மானேஜர்ட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும். நீங்க சொன்னா எடுபடும்.”

மகாராஜா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்த வீட்டுக்குப் போவாதம்மான்னு அவ சொன்னா. அவளுக்கு ரோஷம். நான்தான் சொல்லாம வந்தேன்.”

சொல்கிறேன் என்று அவன் வாய்க்குள் முனங்கினான். பஸ் நிறுத்தம்வரை பிரியா கூடப்போய் ஏற்றிவிட்டு வந்தாள். வந்தவள் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, “நாளைக்குப் போயிச் சொல்லிருங்க” என்றாள். “நாம எப்படியும் பொழைச்சிக்கிடலாம். அந்த அம்மா பிள்ளையை மடியில வச்சிருந்தப்ப எனக்கு மேலெல்லாம் கூசிட்டு.”

திங்கட்கிழமை காலையிலேயே சிவசங்கரன் சார் அறைக்குப் போய் நின்றான். உட்காரும்வே என்றார். உட்காரவில்லை.

“சார், அந்த இறக்கையில பட்ட எண்ணெய் என் தலையில இருந்து வந்தது. எங்கம்மா விசேஷத்தன்னைக்கு வச்ச எண்ணெய். கண் விழுந்துச்சு. பார்த்துட்டு மூடிட்டேன். அந்தப் பிள்ளை மேல தப்பு இல்ல.”

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். கொஞ்சநேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். திருநீறு மூக்கில் உதிர்ந்தது.

“வேற யார்ட்டயும் சொன்னீரா?”

“வீட்டுல.”

“அங்கனயே நிக்கட்டும். நான் சொல்லுததைக் கேளும். துடைக்கிற பிள்ளை தப்புன்னா ஒரு இறக்கையோட போச்சு. அடிக்கிறவன் பார்த்துட்டே மூடுனான்னா, அதுக்குப் பொறவு நீரு தொட்ட அத்தனையும் திரும்பி வரும். ஒரு தடவை மூடுனவன் மறு தடவை மூடலைன்னு எவன் நம்புவான்? ஷெட்டு நின்னு போவும்வே. இத்தனை குடும்பம் சோறு திங்குது. உம்மைக் கூப்பிட்டது நான். அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு இருக்கு, இல்லங்கலை. ஆடி கழியட்டும். அந்தப் பிள்ளையைப் பைய கூப்பிட்டுக்கிடுவோம்.”

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். மகாராஜாவுக்கு வெளியே வரும்போது நெஞ்சு லேசாகக்கூட இருந்தது. சொல்லியாச்சு, கேட்க மாட்டேன் என்கிறார், இனி அது அவர் பாடு. மனுஷ மனசு இறங்க எங்கே படி கிடைக்கும் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த நல்ல சேதியை ரைஹானத்திடம் சொல்லிவிட்டால் மிச்சமும் தீர்ந்துவிடும் என்று அன்றைக்குச் சாயங்காலமே மேலப்பாளையத்துக்கு வண்டியை விட்டான்.

வீட்டு முன்னால் தறிச் சத்தம் கேட்கிற குறுகலான தெரு. ஜுபைதா பீவி வரவேற்று நாற்காலி போட்டாள். ரைஹானத் நிலைப்படியில் வந்து நின்றாள். உம்மா டீ போட உள்ளே போனதும் ஆடி கழிந்து வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்றான். பிறகு அந்த எண்ணெய் தன்னுடையது என்றான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தான்.

“தெரியும்ணே” என்றாள் ரைஹானத். “அன்னைக்கு உங்க காது மடல்ல எண்ணெய் மினுங்கிச்சு. நான் பார்த்தேன். கழுவிட்டு வாங்கண்ணேன்னு சொல்லணும். துடைக்கிறவ வேலை அதுதானே. உம்மா மவுத்தாயி எண்ணெய் வச்ச தலையைப் பார்த்து எப்படிண்ணே சொல்ல? வாய் வரல. அப்ப தப்பு எனக்கும் உண்டுல்லா. அதான் சார் கேட்டப்ப சரின்னுட்டேன்.”

மகாராஜா தெருவில் இருந்து பார்வையைத் திருப்பினான். தன் அம்மாவுக்காக யாரோ ஒரு பிள்ளை இப்படி வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த நிமிஷத்தில் அவளிடம் எதையும் மறைக்க முடியாது என்று தோன்றிற்று.

“உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு பிள்ளே. அடிக்கும்போதே கண் விழுந்துச்சு.”

அவள் நிமிர்ந்தாள். “பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“பார்த்துட்டா மேல அடிச்சீங்க?”

ரைஹானத்தின் முகம் மாறிவிட்டது. இதுவரை அதில் இருந்த மரியாதை கழன்று விழுவதை அவன் கண்ணால் பார்த்தான்.

“உங்களுக்குத் தெரியாம பட்டுதுன்னுல்லா நினைச்சேன். நான் சொல்லாம விட்டதுக்கு உரியவே செய்யாதுன்னு அல்லாட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன். நீங்க தெரிஞ்சே மூடிட்டு, நல்லாயிருக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்கீங்க. அதுல பிள்ளைங்க ஏறிப் பறக்குதுண்ணே. ஆடி கழிஞ்சு என்னைக் கூப்பிட்டா மட்டும் ஆச்சா?”

டீ வந்தது. அவனால் குடிக்க முடியவில்லை. ஜுபைதா பீவி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுந்து வெளியே வந்தவன் ரவுண்டானா பக்கத்தில் வண்டியை நிறுத்தி, பாக்கியசீலன் சாருக்குப் போன் போட்டான். பஸ் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. எண்ணெய் பட்டதையும், பார்த்துவிட்டு மூடினதையும் சொன்னான். அவர் கடைசிவரை குறுக்கே பேசவில்லை. மறைக்காமல் சொன்னதற்கு நன்றி என்றார். பிறகு, சித்திரைக்கு அப்புறம் நீங்கள் அடித்தது எல்லாவற்றையும் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும், உங்களுக்குத் தெரியும்தானே என்றார். தெரியும் சார் என்றான்.

அப்படியே நடந்தது. மறுவாரம் லாரிகள் வந்தன. இறக்கை, வால், கதவு என்று ஷெட்டு நிறைந்துவிட்டது. மகாராஜாவைக் கூப்பிட்டுக் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். சிவசங்கரன் சார் அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஷெட்டில் சிலர் இவன் நல்லவன் வேஷம் போட்டு நம்ம சோற்றில் மண்ணைப் போட்டான் என்றார்கள். அதுவும் பொய் என்று சொல்லிவிட முடியாது. உரிக்க ஆள் போதாமல் ரைஹானத்தைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். தப்பு அவள்மேல் இல்லை என்று சிவசங்கரன் சாரே எல்லாருக்கும் முன்னால் சொன்னாராம். நின்றுபோன கல்யாணப் பேச்சு திரும்ப ஆரம்பித்ததாகவும் கேள்வி. இதெல்லாம் பிரியாவிடம் பஸ்ஸில் பார்த்த யாரோ சொன்னது. ரைஹானத் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு தடவை அவன் போன் போட்டும் எடுக்கவில்லை.

பிரியா கங்கைகொண்டானில் ஒரு தின்பண்டக் கம்பெனியில் பொட்டலம் கட்டப் போனாள். மகாராஜா பாளையங்கோட்டையில் புது வீடுகளுக்குக் கம்பிக் கதவு பெயிண்ட் அடித்தான். அங்கே தண்ணீர் ஊற்றிப் பார்க்கிற வழக்கம் கிடையாது. துருவின்மேலேயே அடிக்கச் சொன்னார்கள். இவன் உட்கார்ந்து தேய்த்தால், நாள் கணக்கை இழுக்கிறான் என்றார்கள். ஆடிக் காற்று புழுதியைக் கொண்டுவந்து ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டே இருந்தது.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு வாளியைத் திறக்கும்போது போன் அடித்தது. ரைஹானத்.

“அண்ணே.”

“சொல்லு பிள்ளே.”

“இங்க உரிச்சிக்கிட்டு இருக்கோம். உரிய மாட்டேங்குதுண்ணே.”

அவனுக்குப் புரியவில்லை.

“அந்த ஒரு இறக்கையில, அந்த ஒரு இடம்தாண்ணே வந்துச்சு. அப்புறம் நீங்க அடிச்சது ஒண்ணுமே வர மாட்டேங்குது. பாக்கியசீலன் சார் ஒவ்வொண்ணுலயும் நாடா ஒட்டி இழுத்துப் பார்த்தாரு. ஒரு இழை வரலை. நல்லாத்தான் பிடிச்சிருக்கு, இருந்தாலும் எடுத்துத்தான் ஆகணும்னுட்டாரு. உரிக்கிற மருந்து ரெண்டு தரம் போட்டாச்சு. என் கையாலயே இதை எடுக்க வேண்டியிருக்கேண்ணே.”

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்தான். வாளியை மூடித் தள்ளி வைத்துவிட்டு, கட்டி முடியாத அந்த வீட்டின் சுவரோரம் போய் உட்கார்ந்தான்.

“நடுவுல ஆரம்பிக்காத பிள்ளே. ஆணி வரிசையோரம் நான் மெல்லிசாத்தான் அடிச்சிருப்பேன். அங்கன மருந்தைக் கனமா வையி. மேல ஈரச் சாக்கை விரிச்சு மூடிப் போடு, காத்துக்குக் காஞ்சிரும். பொறுத்திரு, பைய தூக்கிக் கொடுக்கும். தூக்குன ஓரத்தைப் பிடிச்சிக்கிட்டு உள்ள போ. சுரண்டிராத, தகட்டுல கோடு விழுந்திரும். அது நல்ல தகடு.”

“சரிண்ணே.”

“இப்ப கண்ணைத் துடைச்சிராத. கையில மருந்து இருக்கும்.”